கட்டிலுக்கடியில் இருந்தவளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில், "நாலு வயசுப் பிள்ளைங்களுக்குத் தீயைப் பத்தி எப்படிம்மா சொல்றது? பயந்துடுவாங்களே" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் உன் வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. ராத்திரி முழுக்க எனக்கு அதே யோசனைதான். 28 வருஷம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் உன் கதையைச் சொல்கிறேன். உனக்கு நினைவிருக்காது. கரண்ட் போன ஒரு ராத்திரி, ஜன்னலோரம் வைத்திருந்த மெழுகுவத்தியிலிருந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. அப்பா வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டார். ஆனால் உன்னைக் காணோம். பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், பதிலே இல்லை. கடைசியில் கட்டிலுக்கடியில், சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு கிடந்தாய். வெளியே இழுத்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "நான் பண்ணலைம்மா." அன்று மத்தியானம் தீப்பெட்டியைத் தொட்டதற்கு நான் உன்னை அதட்டியிருந்தேன்.

அந்த ஒரு வார்த்தை என் பாடம் நடத்தும் முறையையே மாற்றிவிட்டது. சின்னப் பிள்ளைகள் தீயைக் கண்டால் ஒளிந்துகொள்வார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது இல்லை என்று நினைக்கிற வயது. போதாததற்குத் திட்டு விழுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அதனால் நீ சொல்கிற கதை எதுவானாலும், அதில் பிள்ளை ஒளியாமல் வெளியே வர வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கதையை நீயே முழுசாகச் சொல்லாதே. பாதியில் நிறுத்தி அவர்களிடம் கொடு. நான் ஒரு எலிக்குட்டியை வைத்துச் சொல்வேன். எலி வளைக்கு ஒன்றுக்கு மேல் வாசல் உண்டு, அதுதான் காரணம். "இந்த வாசல்ல புகை வருது. இப்ப எலிக்குட்டி என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். ஒரு தடவை ஒரு பையன், "அம்மா வர்ற வரைக்கும் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கும்" என்றான். தப்பு என்று சொல்லவில்லை. "பெட்டிக்குள்ள இருந்தா அம்மாவுக்குத் தெரியுமா?" என்று வகுப்பையே கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை, "தெரியாது. வெளிய மரத்தடியில நின்னாதான் தெரியும்" என்றாள். வெளியே போய் எல்லோரும் கூடி நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதை நான் சொல்லியே கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து எங்கள் எலி மரத்தடியில்தான் நின்றது.

பொம்மையைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். "எலியோட பொம்மை உள்ளயே இருக்கே?" அப்போது மனசு இளகி, பொம்மையும் பத்திரமாகத் திரும்பி வந்தது என்று கதையை முடித்துவிடாதே. பொம்மை உள்ளேதான் இருக்கும், எலி திரும்பிப் போகாது. ஒன்றிரண்டு பிள்ளைகள் அழுவார்கள். மடியில் வைத்துக்கொள், ஆனால் கதையை மாற்றாதே.

என் காலத்தில் சார்ட்டும் சாக்பீஸும்தான். உன்னிடம் பெரிய திரையும் டேப்லெட்டும் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பக்கம் வரையட்டும். அதைப் படமெடுத்து, அந்தப் பக்கத்தின் கதையை அந்தந்தப் பிள்ளையின் குரலிலேயே பதிவு செய். தன் குரலைத் திரையில் கேட்ட பிள்ளை அந்த வரியை மறக்காது. பெற்றோருக்கும் அனுப்பு. "நம்ம வீட்டுல ரெண்டாவது வழி எங்கப்பா?" என்று பிள்ளை கேட்டால்தான் பெரியவர்கள் எழுந்து பார்ப்பார்கள்.

டேப்லெட்டால் இன்னும் இரண்டு காரியம் ஆகும். ஒன்று, புகை வந்தால் கத்துகிற புகை அலாரத்தின் சத்தத்தைப் பழக்குவது. முதலில் மெதுவான சத்தத்தில் போடு, ஒரு பிள்ளையையே பட்டனை அழுத்தச் சொல், பிறகு கூட்டு. ஆனால் தூங்குகிற பிள்ளை அதற்கு எழுந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. வழக்கமான அலாரம் சுமார் 3,100 ஹெர்ட்ஸ் கீச்சுச் சத்தம். சின்னவர்கள் பலர் அதிலேயே தூங்கிக்கொண்டிருப்பார்கள். 520 ஹெர்ட்ஸ், கட்டைக் குரல் போன்ற ஒலிக்கு இன்னும் நன்றாக எழுகிறார்கள். ராத்திரியில் பிள்ளையை எழுப்பப் போவது யார் என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவைக்கச் சொல். அலாரத்தை மாதம் 1 தடவை அழுத்திப் பார்க்கவும் சொல்.

இன்னொன்று, முகமூடி. தீயணைப்பு வீரர் முழு உடுப்போடு, 'புஸ்... புஸ்...' என்று மூச்சுவிட்டுக்கொண்டு புகைக்குள்ளிருந்து வந்தால் பெரியவர்களுக்கே திக்கென்றிருக்கும். காப்பாற்ற வந்தவரைப் பார்த்தே பிள்ளை ஒளிந்துகொள்ளும். வீடியோ அழைப்பில் ஒருவரை வரவழை. சாதாரண உடையில் சிரித்துப் பேசிவிட்டு, பூட்ஸ், கோட், ஹெல்மெட், முகமூடி என்று ஒவ்வொன்றாக அவர் போட்டுக்கொள்ள வேண்டும். முகமூடிக்குள்ளிருந்தே பிள்ளைகளின் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். எரிகிற வீட்டின் வீடியோ மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆனால் தவழ்வதைத் திரை சொல்லித் தராது. புகையும் சூடும் மேலே ஏறும், தரையோரம்தான் மூச்சுவிட முடியும். ஒரு போர்வையை இடுப்பளவில் பிடித்து, அதுதான் புகை என்று சொல், முதுகு படாமல் எல்லோரும் அடியில் தவழ்ந்து வெளியே போகட்டும். உருளுவதைத் தனியாக, இன்னொரு நாள் சொல்லிக்கொடு. 'நில், படு, முகத்தைப் பொத்திக்கொண்டு உருளு' என்பது உடுப்பில் தீப்பிடித்தால் மட்டும்தான். ஒரே நாளில் இரண்டையும் நான் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் அலாரம் போட்டதும் பாதி வகுப்பு தரையில் உருண்டது. என் தப்பு, நீயும் அதைச் செய்யாதே. சுட்டுக்கொண்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம், அதைப் பெற்றோருக்கு எழுதி அனுப்பினால் போதும்.

தீப்பெட்டி, லைட்டர் கண்ணில் பட்டால் தொடாமல் வந்து சொல்ல வேண்டும். வந்து சொல்கிற பிள்ளையிடம், "சொன்னியே, நல்ல பிள்ளை" என்று மட்டும் சொல். யார் அங்கே வைத்தது என்ற விசாரணை எல்லாம் பிறகு. அன்று மத்தியானம் எனக்கு அது தெரியவில்லை, கண்ணம்மா.

உன் பிள்ளைகள் குரலில் கதை தயாரானதும் எனக்கு அனுப்பு. அப்பாவும் கேட்க வேண்டும் என்கிறார். கட்டிலுக்கடியில் ஒரு பெட்டிகூட வைக்க இன்று வரை அவர் விடுவதில்லை. குனிந்தால் அந்தப் பக்கத்துச் சுவர் தெரிய வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா