காயை நகர்த்தும் முன் தரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், கணினி விளையாட்டு பற்றிய கவலை வீட்டுக்கு வீடு எழுந்துவிடுகிறது. கவலை நியாயமானதுதான். ஆனால் விரல் வேகத்தை நம்பாத விளையாட்டுகளும் உண்டு. முறைவைத்து ஆடும் போர் விளையாட்டுகள் அப்படிப்பட்டவை. நீங்கள் ஆடி முடித்தால்தான் எதிராளியின் முறை வரும்; நடுவில் எழுந்துபோய் இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தாலும் களம் அப்படியே காத்திருக்கும். ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவருக்கு இதில் பாதி முன்பே தெரியும்: 3 புலி, 15 ஆடு, இரு தரப்புக்கும் வேறு வேறு வலு, வழியை அடைப்பவருக்கே வெற்றி. இந்த விளையாட்டுகளுக்குப் புதிதாக வருவோருக்காகச் சில விவரங்களை எழுதுகிறோம். உங்கள் தொழில்நுட்பப் பக்கமும் அவ்வப்போது இதற்கு இடம் தரலாம்.

புதியவர் பெரும்பாலும் வாசலிலேயே தடுக்கி விழுகிறார். பெயர் பெற்றது, பெரியது என்று கேள்விப்பட்டு ‘வார் இன் தி ஈஸ்ட்’ போன்ற ஒன்றை எடுத்துவிடுவார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ரஷ்யாவும் மோதிய கிழக்குப் போர்முனையை 1941 முதல் 1945 வரை, போரின் ஒரு வாரத்துக்கு ஒரு சுற்றாக ஆட வைப்பது அது. முழுப் போரை ஆட 200 சுற்றுக்கு மேல் வேண்டும். கையேடே நூற்றுக்கணக்கான பக்கம். இரண்டாம் நாள் மூடிவைத்தவர் பிறகு திறப்பதில்லை.

அதற்குப் பதில் ‘தி பேட்டில் ஃபார் வெஸ்நாத்’தில் தொடங்குங்கள். 2003 முதல் ஆர்வலர்கள் வளர்த்துவரும் இலவச விளையாட்டு. பழைய மடிக்கணினியிலும் ஓடும். முதலில் அதனுடன் வரும் பயிற்சி ஆட்டம், பிறகு ‘ஏ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்’ என்ற 4 களத் தொடர். ஒரு வார இறுதிக்கு அது போதும். களம் முழுவதும் அறுகோணக் கட்டங்களாக இருக்கும். சதுரக் கட்டத்தில் மூலைவாட்டமாகப் போகிறவன் ஒரே அடியில் கூடுதல் தூரத்தைக் கடந்துவிடுகிறான். அறுகோணத்தில் ஆறு பக்கமும் சம தூரம் என்பதால் அந்த வழு இல்லை.

ஒரு கணக்கை நெருங்கிப் பார்ப்போம். ஒரு வெட்டுக்கு 5 புள்ளி வீதம் 4 முறை வெட்டும் காலாள் உங்களிடம் இருக்கிறான். எதிரே, 10 உயிர்ப்புள்ளி மிச்சமுள்ள சாதாரண மனித வீரன். அவனை வீழ்த்த 4ல் 2 வெட்டாவது பட வேண்டும். அவன் கோட்டைக்குள் நின்றால் ஒவ்வொரு வெட்டும் படும் வாய்ப்பு 40%; வீழ்த்தும் வாய்ப்பு 52% மட்டுமே. புல்வெளியில் நின்றால் வெட்டுக்கு 60%, வீழ்த்த 82%. ஆழமில்லாத ஆற்று நீரில் நின்றால் வெட்டுக்கு 80%, வீழ்த்த 97%. வாளும் அதே, ஆளும் அதே. அவன் காலடி மட்டும்தான் மாறியிருக்கிறது. ஆகவே ஆற்றைக் கடந்து பாயாமல், ஒரு சுற்று பொறுத்துக் கரையில் நில்லுங்கள். கணினி எதிராளிக்குப் பொறுமை குறைவு. பல நேரம் தானே தண்ணீரில் இறங்கி வரும். தாக்கும் முன் திறக்கும் பெட்டியில் இந்த வாய்ப்புக் கணக்கைக் காட்டும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாமல் ஆடுவது தேக்கா சந்தையில் விலை கேட்காமல் மீன் வெட்டச் சொல்வது போல.

பொழுதும் கணக்கில் வரும். ஒரு நாள் 6 சுற்று. மனிதர் படைகள் பலவற்றுக்குப் பகலில் அடி 25% கூடும், இரவில் 25% குறையும், ஓர்க்குகள் என்ற அரக்கப் படைகளுக்கு நேர்மாறு. காக்கை பகலில்தான் கூகையை வெல்லும் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படித்ததே இங்கே எண்ணாக வருகிறது. இருட்டும்போது பின்வாங்கிக் கிராமக் கட்டங்களில் நின்றால் சுற்றுக்கு 8 உயிர்ப்புள்ளி திரும்பக் கிடைக்கும். புதியவர் இதைச் செய்ய மாட்டார். பின்வாங்குவது தோல்வி என்று நினைத்து நள்ளிரவில் நாலு நல்ல காய்களை இழப்பார். பிறகு, சேவ் செய்ததைத் திறந்து அதே வெட்டை மீண்டும் மீண்டும் வெட்டிப் பார்ப்பார். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், வெட்டு தப்பினால் என்ன செய்வது என்று மாற்றுக் காயைப் பின்னால் நிறுத்தும் புத்தி வரவே வராது.

அடுத்த படி, 1994ல் வந்த ‘பேன்சர் ஜெனரல்’ வழி விளையாட்டுகள். 2011ல் வந்த ‘பேன்சர் கோர்’, 2020ல் வந்த அதன் இரண்டாம் பாகம் இரண்டும் இன்றைய கணினியில் தொல்லை தராமல் ஓடும். இங்கே அடிக்கும் வரிசைதான் எல்லாம். நகரத்துக்குள் பதுங்குகுழி வெட்டி அமர்ந்திருக்கும் காலாட்படை மீது புதியவர் தம் விலை உயர்ந்த டாங்கியை ஏவுவார். கட்டடங்களுக்கு நடுவே டாங்கி நோஞ்சான் என்பதால் பாதி வலுவோடு திரும்பும். முதலில் பீரங்கி அடிக்க வேண்டும். அது ஆளைக் கொல்வதற்கல்ல, தலைதூக்க விடாமல் அமுக்கி வைப்பதற்கு. அந்த அமுக்கம் அந்தச் சுற்றோடு சரி. அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் குண்டுகள் வீண். ஒவ்வொரு தாக்குதலும் பதுங்குகுழியின் பலத்தை ஒரு படி இறக்கும். அதன் பிறகே காலாட்படை உள்ளே போகலாம். டாங்கி வெளியே சாலையை மறித்து நிற்கட்டும்: பின்வாங்க இடமில்லாத படை சரணடைந்துவிடும். நகரத்துக்குப் பின்கட்டத்தில் எதிரியின் பீரங்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், நீங்கள் தாக்கும்போதெல்லாம் அது குறுக்கே சுடும். இதைக் கவனிக்காதவர்தான் விளையாட்டு ஏமாற்றுகிறது என்று புகார் சொல்வார்.

இதற்கெல்லாம் மேலானது சப்ளை, அதாவது படைக்கு உணவும் எரிபொருளும் குண்டும் வந்து சேர்வது. ஸ்டாலின்கிராட் போரை ஆட வைக்கும் ‘யூனிட்டி ஆஃப் கமாண்ட்’ (2011) இதைக் கற்றுத் தருவது போல் வேறொன்று கற்றுத் தராது என்பது எங்கள் துணிபு. ரயில் பாதையிலிருந்து சப்ளை எவ்வளவு தூரம் எட்டும் என்பதை வரைபடத்திலேயே காட்டும். அந்த எல்லையைத் தாண்டி ஓடிய படைக்கு முதலில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று சுற்றில் சண்டை வலு வடிந்துவிடும். நேருக்கு நேர் மோதி ஒரு படையை அழிக்க 3 காய் செலவாகும் இடத்தில், அதன் பின்புறச் சாலையில் ஒரே காயை நிறுத்தினால் போதும்.

இதற்கு உதாரணம் தேடி ரஷ்யா வரை போக வேண்டாம். 1942 பிப்ரவரியில் இந்தச் சிங்கப்பூர்த் தீவில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலிடம் சுமார் 85,000 பேர், ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சுமார் 30,000 பேர். ஜனவரி 31ல் தீவை ஜோகூருடன் இணைத்த கடற்பாலம் தகர்க்கப்பட்டபோது ஜோகூரிலிருந்து வந்த தண்ணீர்க் குழாயும் அறுந்தது. பிப்ரவரி 7 இரவு வடகிழக்கிலுள்ள புலாவ் உபின் தீவில் ஜப்பானியரின் பாசாங்குத் தரையிறக்கம்; 8 இரவு உண்மையான தாக்குதல் வடமேற்கில். அங்கே நீண்ட கரையோரத்தை ஓர் ஆஸ்திரேலியப் படையணி மெல்லிய கோடாகக் காத்து நின்றது. பின்னர் புக்கிட் தீமா விழுந்தபோது உணவு, எரிபொருள் கிடங்குகளும் கைமாறின. 15ஆம் தேதி சரணடைந்தபோது தண்ணீரும் எரிபொருளும் குண்டுகளும் தீர்ந்துகொண்டிருந்தன. யமாஷிதாவின் கையிருப்பும் அடிமட்டத்தில்தான் இருந்தது. அதை மறைத்தே அவர் மிரட்டினார். சரணடைதல் ஒப்பந்தம் கையெழுத்தான பழைய ஃபோர்டு தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு அங்கே போனால், முன்பு பார்த்த அதே வரைபடம் வேறு மாதிரித் தெரியும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த விளையாட்டுகளில் பொதுமக்கள் கிட்டத்தட்ட இல்லை. நகரம் என்பது வெறும் வெற்றிப் புள்ளி. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் வேலைக்குப் போய்த் திரும்பாத தமிழர்களின் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு விளையாட்டை வாங்கிக் கொடுப்பவர் அதையும் சொல்லிக் கொடுக்கட்டும்.

தனியாக ஆட அலுத்தால் ‘வெஸ்நாத்’தை ஒரே கணினியில் இருவர் மாறி மாறி ஆடலாம். தாத்தாவும் பேரனும் ஆடச் சிறிய வரைபடம் ஒன்று போதும். ‘பேன்சர் கோர்’ என்றால் உங்கள் முறையை இணையம் வழி அனுப்பிவிட்டு, எதிராளி நேரம் கிடைத்தபோது ஆடி அனுப்பக் காத்திருக்கலாம். ஒருவர் ஜூரோங்கிலும் மற்றவர் சென்னையிலும் இருந்தால்கூட நாளைக்கு ஒரு சுற்று என்று ஓடும். சிறிய களத்தையே முதலில் எடுங்கள். இரண்டாம் ஆட்டத்தில் தரப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
போர் விளையாட்டு ஆர்வலர்கள் சிலர்,
ஜூரோங் வெஸ்ட்