எண்ணிப் பார்த்த அட்டை

அன்புள்ள சிவாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய பணம் வந்தது. மோட்டாரைச் சரிசெய்தாயிற்று. மேலத்தெரு அத்தை கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மற்றதெல்லாம் அப்புறம்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாய் அல்லவா? ஃபோனில் கேட்டால் "சாப்பிடுறேன்ப்பா" என்று சொல்லி, குழந்தையிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

32 வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் நான். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் கொண்டுவரும் சீட்டு எனக்கு மனப்பாடம். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 75, க்ளோபிடோக்ரெல் 75. கொழுப்புக்கு ராத்திரி அடோர்வாஸ்டாடின். அப்புறம் துடிப்புக்கும் பிரஷருக்கும் மெட்டோபிரோலால், ராமிப்ரில். ஐப்பசியில் உனக்கு எழுதிக்கொடுத்ததும் இதேதான். மூன்று மாதம் ஒழுங்காக வருவார்கள். நாலாம் மாதம், "கொழுப்பு குறைஞ்சிடுச்சுண்ணே, அது மட்டும் வேண்டாம்" என்பார்கள். அதைச் சாப்பிட்டதால்தானே குறைந்தது! அடுத்த மாதம் ஆளே வரமாட்டார்.

உனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை? பொங்கலுக்கு வந்தபோது ராத்திரியெல்லாம் நீ இருமியது கேட்டது. ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். டாக்டரிடம் சொன்னால் டெல்மிசார்டன் மாதிரி ஏதாவது மாற்றித் தருவார். கொழுப்பு மாத்திரையால் கை கால் வலித்தாலும் அவரிடம்தான் சொல்ல வேண்டும். மெட்டோபிரோலாலைச் சட்டென்று விடவே கூடாது, துடிப்பும் பிரஷரும் எகிறிவிடும். எதையும் நீயாக நிறுத்தாதே.

தங்கை கல்யாணத்தைத் தனியாளாக நின்று நடத்தியவன் நீ. நம் தெருவில் எந்தப் பிள்ளை செய்தான்? அவ்வளவு பொறுப்பு இருக்கிறவனுக்கு, சாப்பிட்டு எழுந்ததும் மாத்திரையை வாயில் போட நேரமில்லையா?

சரி, சொல்லிவிடுகிறேன். நீ கிளம்பிய அன்று உன் பையில் ஊறுகாய் பாட்டிலை வைத்தேன். பக்கத்து ஜிப்பில் மருந்துக் கவர் இருந்தது. க்ளோபிடோக்ரெல் அட்டையில் கார்த்திகை மாதத்து பில் சுற்றியிருந்தது. நாலு மாத்திரைதான் கிழிந்திருந்தது. திரும்பவும் எண்ணினேன், நாலுதான். இருந்த இடத்திலேயே வைத்து ஜிப்பை மூடினேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உன் பக்கத்தில் நின்றும் கேட்க வாய் வரவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, தம்பி.

2012. அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஐந்தாவது மாதம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. ரத்தம் நிற்காதே என்று நானே ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெல்லையும் நிறுத்தினேன். டாக்டரைக் கேட்கவில்லை. ஊரே என்னிடம் வந்து மருந்து கேட்கிறது, நான் போய் யாரைக் கேட்பது என்ற திமிர். ஸ்டென்ட் என்பது கம்பி வலை. அதன்மேல் உள்தோல் படர்ந்து மூடுகிறவரை ரத்தம் அதில் ஒட்டி உறையப் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் அந்த இரண்டு மாத்திரையும். இது எனக்குத் தெரியாததா? புண் ஆறட்டும், நாளைக்கு ஆரம்பிக்கலாம், நாளைக்கு ஆரம்பிக்கலாம் என்று தள்ளினேன். அவள்கூட ஒரு நாள் டப்பாவை எடுத்துவந்து, "இன்னிக்குப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். இரு என்றேன். எட்டாம் நாள் விடியற்காலை அது நடந்தது.

ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை எதையாவது நிறுத்தினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ராத்திரி ரயிலேறி வந்த நீ, "நல்லாத்தானேப்பா இருந்தாங்க?" என்றாய். விதி என்றேன். இத்தனை வருஷமாக உன்னிடம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. செல்வியிடமும் எதுவும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் வந்த அன்றே டாக்டருக்கு ஃபோன் போட்டு, எது எத்தனை நாள் விட்டுப்போனது என்று உள்ளதைச் சொல்லு. அன்றைக்கு நான் சொன்ன மாதிரி நீயும் "இல்லை" என்று சொல்லிவிடாதே. சார்பிட்ரேட் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். நெஞ்சு வலித்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வை, நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றும். வைத்தும் வலி விடவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. செல்விக்கும் அது எங்கே இருக்கிறது என்று காட்டிவை.

ஞாயிற்றுக்கிழமை எல்லா அட்டையையும் கட்டிலில் பரப்பி ஒரு படம் எடுத்து அனுப்பு. பதில் எழுத முடியாவிட்டால் பரவாயில்லை. படம் மட்டும் போதும், நான் எண்ணிக்கொள்கிறேன்.

அப்பா