பாலைவனத்துத் தபால்பெட்டி: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

வணக்கம். நான் அனுப்பிய நோட்டுப் புத்தகத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு ரப்பர் முத்திரைக்காகவா அந்தக் கள்ளிக்காட்டில் அலைந்தாய்?" என்று கேட்டீர்கள். தொலைபேசியில் சிரித்துச் சமாளித்துவிட்டேன். தை மாதம் நீங்களும் சித்தியும் ஃபீனிக்ஸுக்கு வரும்போது உங்களையும் அழைத்துப்போக எண்ணியிருப்பதால், இப்போதே விவரமாக எழுதிவிடுகிறேன். நண்பர்கள் சிலரும் இதையே கேட்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

யாரோ மறைத்துவைத்த பெட்டியைக் குறிப்பை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் இந்த விளையாட்டுக்கு லெட்டர்பாக்ஸிங், அதாவது தபால்பெட்டித் தேடல், என்று பெயர். இது இங்கிலாந்தில் பிறந்த பழக்கம். டார்ட்மூர் பொட்டல்வெளியில் வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட் என்பவர், எளிதில் போய்ச் சேரமுடியாத கிரான்மியர் குளத்தருகே 1854இல் ஒரு சீசாவை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தம் பெயர் அட்டையை அதில் போட்டுச் சென்றார்கள். பின்னாளில் வந்தவர்கள் தபால் அட்டைகளை விட்டுச்செல்ல, அடுத்து வந்தவர் எடுத்துப்போய் அஞ்சலில் சேர்த்தார். அமெரிக்காவில் இது பரவியது 1998இல் ஸ்மித்சோனியன் இதழில் ஒரு கட்டுரை வந்த பிறகுதான். இன்று பெட்டிக்குள் முக்கியமாக இருப்பவை ஒரு சிறு நோட்டும் கையால் செதுக்கிய ரப்பர் முத்திரையும். பெட்டியின் முத்திரையை நம் நோட்டிலும், நம் முத்திரையைப் பெட்டியின் நோட்டிலும் பதித்துவிட்டு, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். 2000இல் தொடங்கிய ஜியோகேஷிங் என்ற விளையாட்டில் செயற்கைக்கோள் நம்மைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடும். தபால்பெட்டித் தேடலிலோ பெரும்பாலும் எழுதி வைத்த குறிப்பு மட்டும்தான் துணை. நிலத்தைப் பார்க்கத் தெரிந்தால்தான் பெட்டி கிடைக்கும். எனக்கு இதன்மேல் பிடிப்பு வந்ததே அதனால்தான்.

நாங்கள் போன தடத்தின் பெயரை எழுதமாட்டேன், அடுத்தவர் தேடலைக் கெடுத்த பாவம் வரும். ஃபீனிக்ஸைச் சூழ்ந்த சோனோரன் பாலைவனத்தில் ஒரு குன்றுப்பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஓடையைக் கடந்ததும் கைபோல் ஐந்து கிளைகள் கொண்ட சவாரோ என்னும் உயரமான தூண் கள்ளியைத் தேடவேண்டும், அதன் அடியில் நின்று காம்பஸில் 240 பாகை பார்த்துப் பிளந்த பாறைவரை போகவேண்டும் என்றது குறிப்பு. ஓடை என்றதும் தண்ணீரைத் தேடாதீர்கள். அது வெறும் மணல் படுகை; கோடை மழை கொட்டினால் மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளம் ஓடும். சவாரோ முதல் கை விடுவதற்கே 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும் என்பதால், அதைவிட உறுதியான அடையாளம் வேறென்ன வேண்டும் என்று குறிப்பு எழுதியவர் நினைத்திருப்பார். ஆனால் 2023 கோடையில் ஃபீனிக்ஸில் 31 நாள் தொடர்ந்து பகல் வெயில் 43 பாகை செல்சியஸைத் தாண்டியபோது, இரவிலும் சூடு தணியாமல் பல சவாரோக்கள் கைகளை இழந்தன, சில அடியோடு சாய்ந்தன. நாங்கள் கண்ட கள்ளியில் நின்றவை நான்கு கைகள்தாம். ஐந்தாவது அடியில் கிடந்தது, சதை வற்றி, உள்ளே இருந்த மரவிலாக்கள் நீளநீளக் குச்சிகளாகப் பிரிந்து தெரிந்தபடி. அதைப் பார்த்ததும்தான் இந்தக் கள்ளியேதான் என்று உறுதியானது. இப்படிக் கணக்குப் பார்த்து ஒரு செடியை நான் அதுவரை உற்றுப் பார்த்ததில்லை, சித்தப்பா.

பாறைப் பிளவில் கையை விடாமல் முதலில் தடியால் தட்டிப் பார்த்தோம்; இங்கே நிழல் உள்ள பொந்தில் கிலுகிலுப்பைப் பாம்பு படுத்திருக்கலாம். இயற்கையாக உருண்ட கல் இவ்வளவு ஒழுங்காக அடுக்கிக்கொள்ளாது என்று தோன்றிய ஒரு குவியலுக்குப் பின்னால், மண்நிற நாடா சுற்றிய பிளாஸ்டிக் டப்பா இருந்தது. சுற்றியிருந்த பை வெயிலில் அப்பளமாய் நொறுங்கியது. முத்திரையில் நெற்றிக் கொண்டையை முன்னால் சாய்த்துக்கொண்டு நடக்கும் காடை. இறகுகளை ஒற்றைக் கோடுகளாக விட்டு, மற்ற இடத்தை வெட்டி எடுத்திருந்த கை தேர்ந்த கை. நோட்டைப் புரட்டினால் தேதிகள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள்ளேயே அடங்கியிருந்தன. ஜூனில் இங்கு வரும் துணிவு எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை; கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் நகராட்சியே சில மலைப்பாதைகளைப் பகலில் மூடிவிடுகிறது.

நீங்கள் வரும் மாதத்தில் அந்தக் கவலை இல்லை. செருப்பு மட்டும் ஆகாது, ஷூ வேண்டும். சோய்யா என்றொரு கள்ளி லேசாக உரசினாலே கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்கச் சீப்பு நான் வைத்திருப்பேன். நாமே ஒரு பெட்டி மறைத்துவைக்கலாம் என்று உங்களுக்குக் கட்டாயம் ஆசை வரும். தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றி வைக்கக் கூடாது, மற்ற இடங்களிலும் நிலத்துக்கு உரியவரைக் கேட்டே வைக்கவேண்டும். அதை இங்கு வந்து பேசுவோம்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கென்று ஒரு முத்திரை வேண்டும். கடையில் செய்த முத்திரை இந்த வட்டத்தில் மதிப்புக் குறைவு, சொந்தக் கையால் செதுக்கியதுதான் அழகு. ஓவிய வகுப்பில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கில் அச்சு வெட்டிக் காட்டிய உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. பெரிய அழிரப்பர் போதும், எழுத்து வைத்தால் இடவலம் மாற்றி வெட்டுங்கள். சொந்தப் பெயரை இதில் யாரும் பெரும்பாலும் போடுவதில்லை என்பதால் புனைபெயர் ஒன்றையும் யோசித்து வையுங்கள். செதுக்குக் கத்தியைக் கொண்டுவருவதானால் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடச் சொல்லிச் சித்தியிடம் ஒப்படைத்துவிடுங்கள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்