பார்த்ததைச் சொல்லவும் கற்றுக்கொடுங்கள்

சிங்கப்பூரில் கணினிப் பாதுகாப்புப் பட்டப்படிப்பு நடத்தும் துறைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் பேராசிரியரும் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. ஒரு நிறுவனத்தின் எஸ்ஓசியில், அதாவது ராத்திரி பகல் பாராமல் யாராவது ஒருவர் திரையை வெறித்துக்கொண்டே இருக்கும் அந்தக் குளிர் அறையில், ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். டிப்ளோமா, தேசிய சேவை, வேலை, அப்புறம் வேலை முடிந்து இரவு வகுப்பில் பட்டம் என்று சுற்றி வந்து சேர்ந்தவன். உங்களிடம் படித்து முடித்து வருகிற பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குவதும் சில வருடங்களாக என் தலையில்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன வருடம் ஒரு நாள் காலை ஏழரைக்கு ஷிஃப்ட் மாற்றப் போனேன். ராத்திரி முழுக்க இருந்தது புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி. டிக்கெட் வரிசையை, அதாவது கண்ணில் பட்டதைப் பதிந்து மற்றவருக்கு அனுப்பும் குறிப்புகளைத் திறந்தால், ராத்திரி 2:52-க்கு அவன் போட்ட ஒரு டிக்கெட். ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம்: சந்தேகத்துக்குரிய லாகின் ஒன்று காணப்பட்டது, கவனிக்கவும். யார் கவனிக்க வேண்டும், எந்த சர்வர், எந்தக் கணக்கு, ஒன்றும் கிடையாது. அனுப்பியதும் ராத்திரியில் யாருமே திறக்காத பொது மின்னஞ்சல் பெட்டிக்கு.

என்னப்பா இது என்று கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்தமாதிரி பத்து நிமிடம் விளக்கினான். அது மென்பொருள் மட்டுமே பயன்படுத்தும் சர்வீஸ் கணக்காம், மனிதர் யாரும் அதில் நுழையவே கூடாதாம். பதினான்கு முறை கடவுச்சொல் தப்பு, பதினைந்தாவது முறை சரி. வந்த இடமோ அந்த சர்வரோடு பேச வேண்டிய அவசியமே இல்லாத இன்னொரு சர்வர். கையில் கிடைத்த பழைய ரசீதின் பின்பக்கத்தில் அம்புக்குறி போட்டுப் படமே வரைந்து காட்டினான். நான் பார்த்திருந்தாலும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"இதை ஏம்ப்பா டிக்கெட்ல எழுதல?"

"உறுதியாத் தெரியலண்ணா. தப்பா இருந்தா அசிங்கமாப் போயிடும்ல."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"மூணு மணிக்கா?"

கடைசியில் அது தாக்குதல் இல்லை. பராமரிப்பு வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், யாரிடமும் சொல்லாமல் உள்ளே நுழைந்து, கடவுச்சொல் ஞாபகம் இல்லாமல் திணறியிருக்கிறார். ஆனால் அது தெரிய வந்தது காலை எட்டே காலுக்கு. அதற்கு முன்னால், நான் வரும் வரை நாலரை மணி நேரத்துக்கும் மேலாக, விஷயம் தெரிந்த ஒரே ஆள் அதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்தத் தம்பி மக்கு இல்லை. கிரிப்டோகிராஃபியில் ஏ வாங்கியவன். புரோகிராமை அடி அடியாக ஓட்டிப் பார்க்கும் டீபக்கரைத் திறந்து வைத்து, மெமரியின் ஸ்டாக் பகுதியில் எந்த பைட்டுக்கு மேல் எழுதினால் புரோகிராம் தடம் மாறும் என்று விரல் வைத்துக் காட்டுவான். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்தவன்தான், சொல்லிக்கொடுக்காததைத்தான் அவனிடம் நான் பார்க்க முடியவில்லை.

இது ஒரு ராத்திரியின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு நம் ஊரிலேயே 454 பக்கச் சான்று இருக்கிறது. பொது மருத்துவமனைகளை நடத்தும் சிங்ஹெல்த் குழுமத்தின் கணினிகளுக்குள் நடந்த ஊடுருவல் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை, 2019 ஜனவரியில் வெளியானது. 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்களும், அவர்களில் 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் பறிபோனது, அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் விவரங்களையே குறிவைத்துத் தேடியது எல்லாம் ஊருக்கே தெரியும். நிர்வாகிக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல், 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லிலேயே ஓர் எழுத்துக்குப் பதில் @ குறியும் இன்னொன்றுக்குப் பதில் பூஜ்யமும் போட்டது என்பதை வகுப்பில் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். நாங்களும் சிரித்தோம்.

ஆனால் அந்த அறிக்கையில் என்னைத் தூங்க விடாமல் செய்தது கடவுச்சொல் இல்லை, தேதிகள். தரவுத்தளத்துக்குள் யாரோ தப்பான விவரங்களைக் கொடுத்து நுழைய முயல்வதை ஊழியர்கள் 2018 ஜூன் 11-ஆம் தேதியே பார்த்துவிட்டார்கள். அடுத்த நாட்களிலும் பார்த்தார்கள். தரவு திருடப்பட்டது ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை. ஜூலை 4 அன்று ஒரு தரவுத்தள நிர்வாகி ஏதோ சரியில்லை என்று கவனித்து, ஓடிக்கொண்டிருந்த தேடல்களை நிறுத்தினார். மேலிடத்துக்கு விஷயம் போனது ஜூலை 9. இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிந்தது ஜூலை 10. கண்டுபிடிக்க ஆளில்லாமல் போகவில்லை, கீழ்மட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கண்டுபிடித்து, தங்களுக்குள் பேசி, படம் பிடித்து, செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். மேலே தெரிவித்தால் இன்னும் பல பேர் விவரம் கேட்டுத் துரத்துவார்கள் என்ற எண்ணம் பொறுப்பில் இருந்த ஒருவருக்கு இருந்தது என்பதும் விசாரணையில் வெளிவந்தது. என் தம்பி சொன்ன "மூணு மணிக்கா?" இதன் சின்ன வயசு வடிவம்தான்.

இன்னொன்றும் அதே அறிக்கையில் உண்டு. அந்த மருத்துவப் பதிவு மென்பொருளில் ஒரு குறை இருப்பதை 2014-லேயே ஓர் ஊழியர் கண்டுபிடித்தார். போய் அதை மென்பொருள் நிறுவனத்தின் போட்டி நிறுவனத்துக்கு எழுதினார். வேலை போனது. அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ரகளையில் அவர் சொன்ன குறை என்னவென்று யாரும் முறையாக ஆராயவில்லை. கண்டதை யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டும் என்பது சும்மா மரியாதைப் பாடம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

உங்கள் பாடத்திட்டங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் டிப்ளோமா படித்த காலத்தை நினைத்தால் இன்றைக்கு இருப்பது திருவிழா. என்யுஎஸ் பல்கலைக்கழகத்தில் தகவல் பாதுகாப்புக்கென்றே தனி இளங்கலைப் பட்டம், எஸ்ஐடி பல்கலைக்கழகத்திலும் அதே துறையில் பட்டம், பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் இணையப் பாதுகாப்பும் மின்னிலக்கத் தடயவியலும் சேர்ந்த டிப்ளோமா, எஸ்யுடிடி பல்கலைக்கழகத்தில் ஒரு குட்டி நீர்ச் சுத்திகரிப்பு ஆலையையே கட்டி வைத்து அதைத் தாக்கியும் காத்தும் பார்க்கிறார்கள். கருவிகளைச் சொல்லிக்கொடுங்கள், ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாம் எதற்கு என்று சொல்லும் முதலாளிகள் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கருவி மூன்று வருடத்தில் மாறிவிடும், மெமரி எப்படி வேலை செய்கிறது என்பது மாறாது. (அனுபவம் இல்லாத வேலைக்கு, ஐந்து வருட அனுபவம் இருந்தால்தான் முழுதாகக் கிடைக்கும் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழைக் கேட்டு விளம்பரம் போடுகிறவர்களும் இவர்கள்தான்.)

என் குறை ஒன்றே ஒன்று. உங்கள் லேபில் எப்போதும் ஓட்டை இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு விர்ச்சுவல் மெஷினைக் கொடுத்து இதை உடை என்கிறீர்கள். உடைக்க முடியும் என்று மாணவனுக்கு முன்கூட்டியே தெரியும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்திருக்கவே மாட்டீர்கள். கொடி பிடிக்கும் போட்டிகளிலும் அதே கதை, எங்கோ 'கொடி' என்று ஒரு ரகசியக் குறியீட்டை ஒளித்து வைத்திருப்பார்கள், கிடைத்தால் புள்ளி, கிடைத்ததும் அது சரியா தப்பா என்று கணினியே சொல்லிவிடும். எங்கள் அறையில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வருகிற அலர்ட்டில் பெரும்பாலானவை ஒன்றுமே இல்லாதவை, யாரோ விடுமுறையில் பாலியிலிருந்து ஆபீஸ் மின்னஞ்சலைத் திறந்திருப்பார். நடுவே ஒன்று நிஜம். எது என்று தெரியாத அந்த மூன்று மணிக்கு, 'இதைப் பார்த்தேன், இது எனக்குத் தெரியும், இது தெரியாது, இன்ன காரணத்தால் உங்களை எழுப்புகிறேன்' என்று தெளிவாகச் சொல்லும் தைரியம் வேண்டும். நான்கு வருடத்தில் ஒரு நாளாவது அந்தச் சந்தேகத்தில் அவர்களை நிற்க வைத்திருக்கிறீர்களா? முதல் அடுக்கு அலர்ட்டைப் பார்க்கும் வேலையையே இப்போது ஏஐ கருவிகள் மெல்ல எடுத்துக்கொண்டு வருகின்றன. அப்புறம் மனிதனுக்கு மிச்சம் இருக்கப் போவது இந்தச் சந்தேகப்படுவதும் சொல்வதும்தான்.

ரிப்போர்ட் எழுத வைக்கிறோமே என்பீர்கள். நானும் எழுதியிருக்கிறேன். இருபத்தைந்து பக்கம், உள்ளடக்கம், முன்னுரை, ஸ்கிரீன்ஷாட்டுகள், செமஸ்டர் முடிவில் ஒப்படைத்தல். அது திருமண ஆல்பம் மாதிரி, கல்யாணம் முடிந்த பிறகு வருவது. நான் கேட்பது பத்து வரி, பத்து நிமிடத்தில், விஷயம் நடந்துகொண்டிருக்கும்போதே.

அப்படி எழுத ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் 2024 மார்ச் 29-ஆம் தேதி ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் பொதுவில் அனுப்பிய மின்னஞ்சலை முதல் வருடத்திலேயே படிக்கக் கொடுங்கள். மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் வேலை பார்ப்பவர் அவர். தூரத்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக அரை நொடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று எரிச்சல்பட்டுத் தோண்டப் போய், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு வைத்த கள்ளவாசலைப் பிடித்தார். உலகத்து லினக்ஸ் சர்வர்களுக்குள் பரவலாகப் போவதற்குள் மாட்டிக்கொண்டது. கண்டுபிடிப்பை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், நான் அந்தக் கடிதத்தைக் கொண்டாடுகிறேன். என்ன பார்த்தேன், எப்படி அளந்தேன், எந்தப் பதிப்புகளில் இருக்கிறது, எதை இன்னும் நான் முழுதாக ஆராயவில்லை என்று வரிசையாக இருக்கும். தான் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இல்லை என்பதையும் அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். அசிங்கமாகப் போய்விடும் என்று அவர் நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இவருக்கு முன்னாலும், 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் உதைத்ததைப் பிடித்துக்கொண்டு உளவாளி வரை போன கிளிஃப் ஸ்டோல் ஒரு வானியலாளர்தான். நடந்ததை எல்லாம் நேரம் போட்டு நோட்டில் எழுதி வைத்தார், அந்த நோட்டுதான் அவரைக் காப்பாற்றியது.

சரி, என்ன செய்யலாம்? 'தகவல் தொடர்புத் திறன்' என்று தனியாக ஒரு பாடம் வைத்து, வேறு துறையிலிருந்து ஒருவரை வரவழைத்து, ஸ்லைடு போடக் கற்றுக்கொடுப்பதை நான் கேட்கவில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளைகள் அதில் தூங்குகிறார்கள். உங்கள் பாதுகாப்பு லேபுக்குள்ளேயே வையுங்கள். ஓட்டையே இல்லாத மெஷினைச் சில வாரம் கொடுங்கள், சொல்லாமல் கொடுங்கள். 'தேடினேன், இன்னின்ன இடத்தில் பார்த்தேன், எதுவும் கிடைக்கவில்லை' என்று ஒழுங்காக எழுதியவனுக்கு முழு மதிப்பெண் போடுங்கள். நியாயமான காரணத்தோடு தவறாக எச்சரித்தவனுக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைக்காதீர்கள், வாய் மூடி இருந்தவனுக்குக் குறையுங்கள். இறுதியாண்டுத் திட்டத்தில் ஒரு ராத்திரி, எந்த ராத்திரி என்று சொல்லாமல், சர்வரின் செயல்பாட்டுப் பதிவான லாகை அனுப்பி வைத்து அவர்களை ஒரு 'டைரக்டருக்கு' போன் போட வையுங்கள். அவர் எரிந்து விழட்டும். விழுந்த பிறகும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம், ஏதோ ஒரு டியூஷன் சென்டர் இணையத்தளத்தில் ஓட்டையைத் தற்செயலாகக் கண்டுபிடித்தால் எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும், கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசுக் குழுவான சிங்செர்ட்டுக்கு எப்படித் தெரிவிப்பது என்பதைத் தேர்வில் கேளுங்கள். பயமுறுத்தும் ஒரு ஸ்லைடோடு நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் சிரித்து ஒதுக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு தாக்குதலை அவரவர் தாய்மொழியில் விளக்கிவிட்டு வரட்டும். என் அம்மா ஈசூனில் இருக்கிறார். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று வந்த அழைப்பில் ஒருமுறை கிட்டத்தட்ட மாட்டியிருப்பார். 2024-இல் மட்டும் இந்த ஊரில் மோசடிகளில் போன பணம் குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அவரிடம் 'சோஷியல் என்ஜினியரிங்' என்று ஆரம்பித்தேன், "என்ஜினியர்லாம் ஏன் இந்த வேலைக்கு வர்றாங்க?" என்றார். பிறகு, "கதவைத் தட்டி, நான்தான் தண்ணி மீட்டர் பார்க்க வந்தேன்னு சொல்றவன் மாதிரிம்மா, அவன் கையில அட்டை இருக்கும், நீ அந்த அட்டையிலே இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணக் கூடாது, நம்ம பில்லில இருக்கிற நம்பருக்குப் பண்ணணும்" என்றேன். அது போதும், அடுத்த முறை அழைப்பு வந்தபோது வைத்துவிட்டு வங்கி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். என் பட்டப்படிப்பில் எந்தத் தேர்வும் இதைக் கேட்கவில்லை.

ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பப்பட்டு எரிந்து விழும் அந்த டைரக்டர் வேடத்துக்கு ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள். இரவு ஷிஃப்டில் எப்படியும் விழித்துத்தான் இருப்பேன். காசு வேண்டாம், நன்றாகக் கத்துவேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு ஷிஃப்ட் ஊழியன்