தாயோடு இருக்கும் பிள்ளையையும் தாங்குங்கள்: நம் சபையின் மிஷன் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் அவர்களுக்கும் மிஷன் குழுவின் சகோதர சகோதரிகளுக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. நான் மாதாமாதம் பணம் கொடுத்துத் தாங்கி வரும் பிள்ளை தமிழ்நாட்டிலுள்ள விடுதியைவிட்டுப் போய்விட்டாள், ஆகவே அவளுக்கான உதவி நிறுத்தப்படுகிறது, இணைத்துள்ள பட்டியலிலிருந்து வேறொரு பிள்ளையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பட்டியல் முழுக்கப் பிள்ளைகளின் படங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர், வயது, வகுப்பு, ஒரு எண்.

அவள் எங்கும் ஓடிப்போகவில்லை. அவளுடைய அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார், அவ்வளவுதான். படிப்பையும் விடவில்லை. பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பேருந்தில் போய் வருகிறாள். அப்படியிருக்க, எதற்காக உதவியை நிறுத்துகிறீர்கள்?

போன வருடம் ஜூன் விடுமுறையில் குழுவோடு நானும் தென்காசிப் பக்கத்து அந்த விடுதிக்கு வந்திருந்தது உங்களுக்குத் தெரியும். வரவேற்புப் பாட்டு முடிந்ததும் அவளை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தார்கள். "எனக்கு அப்பா அம்மா இல்லை, இயேசப்பாதான் எல்லாம்" என்று ஒப்பித்தாள். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அதே நேரத்தில் அவளைப் பெற்ற அம்மா வெளியே கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெற்றோர் பார்க்கும் நாள் அன்றைக்கு இல்லையாம், விருந்தாளிகள் போன பிறகுதான் விடுவார்களாம். கையில் ஒரு துணிப்பை. அதில் முறுக்குப் பொட்டலம், தேங்காய் எண்ணெய் பாட்டில், இரண்டு சிவப்பு ரிப்பன். பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. நான் பேச்சுக் கொடுத்தபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "படிக்க வைக்க வழியில்லாமத்தான் கொண்டாந்து விட்டேன். புள்ளய வேண்டாம்னா விட்டேன்?"

அப்பா இறந்துவிட்டார், அம்மா இருக்கிறார். அந்த விடுதியில் பாதிப் பிள்ளைகளின் கதை இதுதான் என்று அங்குள்ள ஆசிரியை ஒருவரே சொன்னார். அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது வறுமை. அந்த வறுமையைத் தீர்க்கத்தான் நாம் சிங்கப்பூரிலிருந்து மாதம் 50 வெள்ளி கொடுக்கிறோம். அங்கே அது 3,000 ரூபாய்க்கு மேல். ஆனால் பிள்ளை தாயைவிட்டு வந்தால்தான் அந்தப் பணம் கிடைக்கும் என்று விதி வைத்திருக்கிறோம். இதை எந்த மனதோடு ஏற்றுக்கொள்வது?

நான் கேட்பது ஒன்றுதான். தாயோடு இருந்து படிக்கும் பிள்ளைக்கும் இந்த உதவி போகட்டும்.

வீட்டில் விட்டால் அவளும் சொளகை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்துவிடுவாள் என்று குழுவில் ஒருவர் சொன்னார். உண்மையான பயம். அதனால்தான் பணம் வேண்டும் என்கிறேன். மாலை டியூஷன், நோட்டு, சீருடை, ஒரு வேளை நல்ல சாப்பாடு இவற்றுக்கு வழி இருந்தால் எந்தத் தாய் மகளைக் கூலிக்கு உட்கார வைப்பார்?

வேத அறிவு கிடைக்காது என்பது இன்னொருவர் வாதம். அந்த ஊரிலேயே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில் இருக்கிறது, ஞாயிறு பள்ளி நடக்கிறது, மே மாதம் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிறது. அந்த ஞாயிறு பள்ளி ஆசிரியைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்போம். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கும் பிள்ளைக்கு விசுவாசம் குறைந்துபோய்விடாது. யாக்கோபு நிருபம் முதல் அதிகாரத்தின் கடைசி வசனம் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நாம் பிள்ளையை எடுத்துக்கொண்டு விதவையைக் கேட்டில் நிறுத்திவிட்டோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இந்தியாவின் 2015 சிறார் நீதிச் சட்டப்படி, விடுதியில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி முடிவு. மிஷன் வாத்சல்யா என்னும் இந்திய அரசின் பிள்ளைகள் நலத் திட்டத்தில் விதவைத் தாயோடு இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வரை கொடுக்க அரசே வழி வைத்திருக்கிறது. தகுதியுள்ள எல்லாருக்கும் அது கிடைத்துவிடுவதில்லை. அந்த இடத்தில்தான் நம் காணிக்கை நிற்க வேண்டும். ஏன், நம் சிங்கப்பூரில் 1956 முதலே வளர்ப்புக் குடும்பத் திட்டம் இருக்கிறதே! நம் பிள்ளைகளுக்குக் குடும்பம் வேண்டும், அந்தப் பிள்ளைகளுக்கு விடுதி போதுமா?

இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இடம் தராது என்கிறீர்கள். 2020 திருத்தம் தடுப்பது, ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றுவதை. பதிவு பெற்ற நிறுவனம் தன் சொந்தத் திட்டத்தில் ஊரிலுள்ள பிள்ளைகளுக்குச் செலவழிப்பதை அது தடுக்கவில்லை. தயவுசெய்து ஒரு கணக்காயரிடம் கேட்டுப் பாருங்கள்.

பட்டியலிலுள்ள அந்தப் படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. நாமோ நாள்காட்டியில் அச்சடிக்கிறோம், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அந்தப் பிள்ளைக்கு நாளை இருபது வயதாகும். "அநாதை" என்று தன் படத்தின் கீழே எழுதியிருப்பதை அவளும் ஒருநாள் பார்ப்பாள். நம் பிள்ளைகளின் படத்தை யாராவது இப்படிப் போட நாம் விடுவோமா?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆண்டாண்டாக ஊதியமில்லாமல் உழைக்கிறீர்கள், அதை நான் அறிவேன். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தாயோடு இருக்கும் பிள்ளைக்கும் உதவி போகட்டும். என் காணிக்கையை நான் நிறுத்தவில்லை. அதை வேறு பிள்ளையின் எண்ணுக்கு மாற்றாமல், முடிவு தெரியும்வரை அவள் பெயரிலேயே வைத்திருங்கள்.

கர்த்தருக்குள்,
சபை உறுப்பினர் ஒருவர்,
சிங்கப்பூர்