அப்பாவுக்கு ஒரு பெஞ்சு பிடித்துக் கொடு

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம். நீ அனுப்பியிருந்த கடிகாரப் படத்தையும் ஹெட்போன் படத்தையும் பார்த்தேன். "தந்தையர் தினத்துக்கு வாங்கணும், அப்பாவுக்கு இதில் எது பிடிக்கும், சீக்கிரம் சொல்லும்மா" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம் என்றால், நான் உன்னோடு பேச ஆரம்பித்ததுமே அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் கடிதம்.

இரண்டும் வேண்டாம். முன்பு நீ வாங்கித் தந்த கடிகாரமே இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. பிடிக்காமல் இல்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "பையன் வாங்கிக் கொடுத்தது" என்று எடுத்துக் காட்டுவார். காட்டி முடித்ததும் மறுபடி உள்ளே வைத்து மூடிவிடுவார். கையில் கட்டுவது பழசைத்தான். சட்டைகளுக்கும் அதே கதி. ஹெட்போன் வந்தால் அதற்கும் அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்குவார், அவ்வளவுதான்.

ஏதாவது ஒரு கைவேலை வகுப்பில் அவரைச் சேர்த்துவிடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் பொழுது மட்டும்தான் நிறைய இருக்கிறது. "அப்பாவா? வகுப்புக்கா?" என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டு மீதியைப் படி.

வகுப்பு என்றதும் உனக்கு என் மண்பாண்ட வகுப்புதான் ஞாபகம் வரும். "அம்மாவோடு சேர்ந்தே போகட்டுமே, துணையாகவும் இருக்கும்" என்று தோன்றும். அதை மட்டும் செய்யாதே. எனக்கு அங்கே கொஞ்சம் கை பழகிவிட்டது. அவர் பக்கத்துச் சக்கரத்தில் உட்கார்ந்து, மண் நடுவில் நிற்காமல் தள்ளாடும்போது நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? "முழங்கையைத் தொடையில் ஊன்றுங்க, இவ்வளவு தண்ணி விடாதீங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். அப்புறம் அது வகுப்பாக இருக்காது, நம் வீட்டுக் கூடமாகிவிடும். இத்தனை வருஷம் நாலு பேர் வந்து சந்தேகம் கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். தப்பு செய்து பழக வேண்டுமானால், தன்னை யாரென்றே தெரியாதவர்கள் நடுவில்தான் அவருக்கு அது முடியும்.

அதுவும் போக, மண் வேலைக்கு வேண்டிய பொறுமை வேறு வகை. இன்று சக்கரத்தில் ஒரு கிண்ணம் எடுத்தால், அது பாதி காய்ந்து தோல் மாதிரி இறுகிய பிறகுதான் அடியைச் சீவ முடியும். பிறகு நிதானமாகக் காய வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும்போது சூளையில் வைத்தால் உள்ளே நீராவி அடைத்துக்கொண்டு வெடித்துவிடும். முதல் சூடு ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ். அப்புறம் பளபளப்புக்கு மெருகுக் கலவை பூசி இரண்டாம் சூடு, ஸ்டோன்வேர் என்கிற கெட்டிப் பாண்டம் என்றால் அது 1,200-ஐயும் தாண்டும். இதற்கிடையில் மண் சுருங்கிக்கொண்டே வந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுத்துப் போகும். சில வாரம் கழித்து வீட்டுக்கு வருவது, நாம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்ததைவிடக் குட்டியான கிண்ணம். எனக்கு இந்தக் காத்திருப்பு பிடித்திருக்கிறது. உன் அப்பாவோ மறுநாள் காலையிலேயே "எங்கே என் கிண்ணம்?" என்று போன் போடச் சொல்வார். ஒரே நாளில் முடியும் மண் வகுப்பைப் பரிசாகக் கொடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. பாவம், அந்த அப்பாக்கள் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள்.

அவருக்கு மர வேலைதான். எப்படித் தெரியும் என்று கேட்பாய். அன்றைக்கு ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்தவர், வகுப்பு முடியவில்லை என்று உள்ளேயே வந்து நின்றார். ஆளாளுக்குப் பானையும் குவளையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம், அவர் பார்வை அதில் போகவே இல்லை. மூலையில் ஒரு ஸ்டூல் ஆடிக்கொண்டு கிடந்தது. மெதுவாகப் போய் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். காலின் நுனியில் செதுக்கிய கழுந்து பலகையின் துளைக்குள் சேருகிற இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். சட்டைப் பையிலிருந்து பழைய ரசீதை எடுத்து நாலாக மடித்து அந்த இடுக்கில் செருகி, நிமிர்த்தி வைத்து, மேலே உட்கார்ந்து பார்த்தார். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டார். நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

பரிசு தேடும் பிள்ளைகள் "அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று ஊரெல்லாம் விசாரிக்கிறீர்கள். அவர் கை சும்மா இருக்கும்போது எதன் மேல் போகிறது என்று பார்த்தால் போதும். சில அப்பாக்கள் பேசிக்கொண்டே காகித ஓரத்தில் கிறுக்குவார்கள், அவர்களுக்கு ஓவிய வகுப்பு. வெளியே போனால் எல்லாரையும் நிறுத்தி வைத்து, "கொஞ்சம் இடது பக்கம், வெளிச்சம் முகத்தில் விழட்டும்" என்று படம் எடுத்துத் தள்ளுகிறவருக்குப் போட்டோ வகுப்பு. பழைய பிலிம் கேமராவைத் தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருப்பவராக இருந்தால், படத்தை நாமே கழுவி எடுக்கிற இருட்டறை வகுப்பு இன்னும் நல்லது. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், மருந்துத் தட்டில் மிதக்கும் வெள்ளைத் தாளில் முகம் மெல்ல எழும்பி வருவதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

சரி, மர வேலைக்கு வருவோம். வகுப்பு தேடும்போது இயந்திரங்கள் நிறைந்த பட்டறையா, கைக்கருவிப் பட்டறையா என்று முதலில் கேள். கைக்கருவிதான் வேண்டும். இயந்திரம் இருந்தால் சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும், தூசிக்கு முகமூடி வேறு. பாதி நேரம் மற்றவர் அறுத்து முடிக்கட்டும் என்று காத்திருப்பதிலேயே போகும். கைக்கருவி என்றால் மரத்தை வைத்து வேலை செய்ய அவருக்கென்று ஒரு பெஞ்சு, ஒரு ரம்பம், ஒரு உளி, ஒரு இழைப்புளி, ஒரு மூலைமட்டம். வேலை முழுக்க அவர் கையில். ஒரு பெஞ்சுக்கு எத்தனை பேர் என்று கேட்க மறக்காதே. இரண்டு பேருக்கு மேல் என்றால் விட்டுவிடு.

அவருக்கு அங்கே பிடிக்கப்போகிற விஷயங்கள் எனக்கு இப்போதே தெரிகிறது. ரம்பம் மரத்தைப் பிரிக்கும்போது தன் பல்லின் அகலத்துக்கு மரத்தைத் தின்றுவிடும். அதனால் கோட்டின் மேலேயே அறுக்கக் கூடாது, வேண்டாத துண்டு இருக்கும் பக்கமாகக் கோட்டை ஒட்டி அறுக்க வேண்டும். இதை ஒருவர் சொல்லிக் கொடுத்த அன்று முழுக்க வீட்டில் அதே பேச்சாகத்தான் இருக்கும். இழைப்புளியை நார் ஓடும் திசையில் தள்ளினால் சுருள் சுருளாக வரும், எதிர்த்துத் தள்ளினால் பிய்த்துக்கொண்டு வரும். பலகை காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்ப அகலத்தில்தான் விரிந்து சுருங்கும், நீளத்தில் அனேகமாக மாறவே மாறாது. மழைக்காலத்தில் நம் அலமாரிக் கதவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் கேட்டு எத்தனை தடவை என்னைப் பார்த்திருக்கிறார்! அந்தக் கேள்விக்கு இனி அவரே பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

என்ன செய்யச் சொல்லித் தருவார்கள் என்பதையும் கேட்டுக்கொள். "அடிப்படை அறிமுகம்" என்று சொல்லிக் கட்டைத் துண்டுகளை அறுத்து அறுத்துப் போடச் சொல்கிற இடம் வேண்டாம். சின்ன ஸ்டூலோ, மூடி போட்ட பெட்டியோ, எதையாவது முடித்துக் கையில் கொண்டுவர வேண்டும். இது என் பிடிவாதம் மட்டுமில்லை. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டேன் ஏரியலி என்று மூன்று பேர் 2012-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஆட்களைக் கூப்பிட்டுக் காகிதத்தில் உருவம் மடிக்கவும், பாகங்களைப் பொருத்திப் பெட்டி செய்யவும் சொல்லியிருக்கிறார்கள். கோணல்மாணலாக மடித்திருந்தாலும், தான் மடித்ததற்கு அவரவர் நிறைய மதிப்புப் போட்டார்களாம். ஆனால் பாதியில் நின்றுபோனவர்களுக்கும், செய்ததைப் பிரித்துப் போட்டவர்களுக்கும் அந்த ஒட்டுதல் வரவில்லை. ஆடாத ஸ்டூல் ஒன்று அவர் கையால் முடிந்தால், அதை அவர் பெட்டியில் வைத்து மூடமாட்டார். அதில் உட்கார்ந்துதான் இனி பேப்பர் படிப்பார், பார்.

ஒருநாள் வகுப்பா, தொடர் வகுப்பா என்று நீ குழம்புவாய். முதலில் ஒரு நாள் போகட்டும். பிடித்தால் தொடரலாம். ஆனால் பிடித்த பிறகு நிறுத்திவிடாதே. டெனிஸ் பார்க் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2014-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 60 முதல் 90 வயது வரை உள்ளவர்களில் சிலருக்கு டிஜிட்டல் போட்டோகிராபி, சிலருக்கு ஒட்டுத்துணித் தையல், சிலருக்கு இரண்டும் சொல்லிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு 15 மணி நேர அளவில், 3 மாதம். கூடிப் பேசி உல்லாசமாகப் பொழுது போக்கியவர்களைவிடப் புதிதாக ஒன்றைச் சிரமப்பட்டுக் கற்றவர்களின் நினைவாற்றல் முன்னேறியிருந்தது. ஒரு சனிக்கிழமை ரம்பம் பிடித்ததும் அப்பா சாவியைத் தொலைப்பதை நிறுத்திவிடுவார் என்று நான் சொல்லவில்லை. சுலபமான வகுப்பாகத் தேடாதே என்கிறேன். "பெரியவர்களுக்கு என்றே எளிமையாக்கிய வகுப்பு" என்று எங்காவது போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதே. அவருக்குக் கோபம் வரும், எனக்கும் வரும்.

உடம்பு விஷயம் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நேரம் நின்றால் இடது முழங்கால் வலிக்கிறது, எனவே நடுவில் உட்கார இடம் உண்டா என்று கேள். கிட்டத்தில் பார்க்கப் போடுகிற கண்ணாடியை அவர் மறந்துவிட்டுப் போவார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் நண்பர்கள் யாராவது தங்கள் அப்பாவுக்கு இதையே செய்ய நினைத்தால் ஒன்று சொல். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், உளி பிடிப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நம் வீட்டில் அந்த மாத்திரை இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். "எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்" என்று ஒரு பரிசுச் சீட்டை மட்டும் வாங்கி அனுப்பாதே. எப்போது வேண்டுமானாலும் என்றால் அவரைப் பொறுத்தவரை எப்போதுமே இல்லை. கடிகாரப் பெட்டிக்கு மேல் அதுவும் போய் உட்காரும். தேதி, நேரம், இடம் எல்லாம் நீயே முடிவு செய்து பணத்தைக் கட்டிவிடு. முன்கூட்டி அவரிடம் கேட்காதே. கேட்டால் என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும்: "எனக்கெதுக்குப்பா இதெல்லாம், உன் செலவைப் பாரு." பணம் கட்டியாகிவிட்டது, திருப்பித் தரமாட்டார்கள் என்று மட்டும் சொல். மழை கொட்டினாலும் கிளம்பிவிடுவார். வீணாகிற காசைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. தந்தையர் தினத்தன்றே வை என்று நான் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே யோசனை வந்து பட்டறையில் கூட்டம் நெரியும், சொல்லித் தருகிறவருக்கு யார் பெஞ்சுப் பக்கமும் நிற்க நேரம் இருக்காது.

நீ கூட வர முடியுமா? லீவு கிடைத்தால் வா, பக்கத்துப் பெஞ்சில் நில். உனக்கும் ஆணி அடிக்கத் தெரியாது, இரண்டு பேரும் சரிசமம். கிடைக்காவிட்டால் அதற்காக மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. பொருளைவிட அனுபவத்தைப் பரிசாகக் கொடுக்கும்போது கொடுத்தவர் மேல் நெருக்கம் கூடுகிறது என்று சிண்டி சான், கேஸி மோகில்னர் என்ற இரண்டு பெண்கள் 2017-இல் எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவர் துணைக்குப் போகாவிட்டாலும் அந்த நெருக்கம் கூடத்தான் செய்கிறதாம். ஆனால் அன்று இரவு போன் பண்ணு. "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாருந்தது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். "கோட்டுக்கு எந்தப் பக்கம் அறுத்தீங்க?" என்று கேள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார். நீ குறுக்கே பேசாமல் கேட்டால் போதும்.

முன்பக்கம் மூடிய ஷூ இல்லாமல் அப்படிப்பட்ட பட்டறைக்குள் போகக் கூடாது. அவரிடம் இருப்பதெல்லாம் செருப்புதான். ஷூவை நான் வாங்கி வைக்கிறேன், ஏன் எதற்கு என்று கேட்டால் நடைப்பயிற்சிக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். நீ வகுப்பைப் பதிவு செய்துவிட்டு எனக்கு மட்டும் செய்தி அனுப்பு. புதன்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு எனக்கு மண் வகுப்பு, வண்டி எனக்கு வேண்டும்.

அன்புடன்,
அம்மா