சங்கத்துச் செயலாளர் எழுதுவது

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. உன் சோம்பல் எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு சேதி. நம் ஐ.நா. அமைதிப்படை முன்னாள் வீரர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். போட்டியெல்லாம் இல்லை, வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான். 'மே 29, அமைதிப்படையினர் தினத்துக்கு நீலத் தொப்பி போட்டுக்கொண்டு மலர்வளையம் வைப்பதற்கு ஒரு சங்கமா' என்று நீ ஒருமுறை கிண்டலடித்தது நினைவிருக்கிறது. 1948-ல் அதே தேதியில்தான் ஐ.நா.வின் முதல் பார்வையாளர் பணி தொடங்கியது என்று மேடையில் யாராவது சொல்வார்கள், நாமும் கைதட்டுவோம். அது வருடத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் இங்கே நடப்பது ஒரே வேலை: சாட்சி தேடுவது.

ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. நாடுகள் அனுப்பும் ஆட்கள்தான், ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கிட்டு அந்தந்த அரசுக்குப் பணம் கட்டுகிறார்கள். நமக்குச் சம்பளம், பென்ஷன் எல்லாம் நம் அரசின் விதிப்படிதான். சாவு, ஊனம் என்றால் ஐ.நா. இழப்பீடு உண்டு, அதையும் அரசு வழியாகத்தான் கேட்க வேண்டும். இருபது வருடம் கழித்து முதுகு போனால் நேராக நியூயார்க் கதவைத் தட்ட முடியாது. உள்ளூர் அலுவலகத்துக்குப் போனாலோ, 'அது போர் இல்லையே, நீங்கள் எப்படி அடிபட்டீர்கள்' என்கிறார்கள். இதுவரை அமைதிப்பணியில் உயிர் விட்டவர்கள் 4,000-க்கும் மேல். அவர்களில் தாக்குதலில் செத்தவர்களைவிட விபத்திலும் நோயிலும் போனவர்கள்தான் அதிகம். குண்டடி பட்டவனுக்காவது ஒரு ஃபைல் இருக்கும். வண்டி கவிழ்ந்தவனுக்கு என்ன இருக்கிறது?

வண்டி என்றதும் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். தெற்கு லெபனானில் நம்மோடு பவுசர், அதுதான் தண்ணீர் லாரி, ஓட்டிய 'தாத்தா'வேதான். முப்பது வயதிலேயே தலை நரைத்துப்போன ஆள். போன கூட்டத்துக்கு மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் நேராக உட்கார முடியவில்லை, ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கம் கொடுத்த சான்றிதழ், ஒரே ஒரு போட்டோ. தொண்ணூறு நாள் முடித்த எல்லோருக்கும் கொடுத்த அதே பதக்கம்தான், பெட்டிகூடப் புதிதாக இருக்கிறது. போட்டோவில் வெள்ளைப் பவுசர் பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது, பக்கவாட்டில் கறுப்பில் எழுதிய 'யூஎன்' தலைகீழ். டயர் மேல் யாரோ கால் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். பின்னால் மேட்டில் எல்லைக் கோட்டைக் காட்டும் நீலப் பீப்பாய் ஒன்று. தேதி இல்லை, கவிழ்ந்த ஆளும் படத்தில் இல்லை, அவரை அதற்குள் தூக்கிப்போயிருந்தோம்.

அன்றைக்கு அடிபட்டதற்கு உதவித்தொகை கேட்டு அவர் போட்ட மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பும்போது எடுத்த மெடிக்கலில் 'ஃபிட்' என்று இருக்கிறதாம். அன்றைக்கு யார்தான் 'ஃபிட்' இல்லை என்று சொல்லிக்கொண்டு நிற்பான்? வீட்டுக்குப் போகிற விமானம் நிற்கிறது, முதுகு வலிக்கிறது என்றால் இன்னும் பத்து நாள் ஆஸ்பத்திரி. நீயும் நானும் போட்ட கையெழுத்தும் அதே மாதிரிதானே?

நம் சங்கத்தில் சிலர், இதெல்லாம் எதற்கு, பெரிய முன்னாள் படைவீரர் சங்கத்தோடு சேர்ந்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்களிடம் ஆள்பலம் உண்டு, செல்வாக்கு உண்டு. ஆனால் அங்கே போனால் நாம் கடைசி பெஞ்ச். சுடாமல் நின்றதுதான் நம் வேலை என்பதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்க வேண்டும். அயர்லாந்துக்காரர்கள் 1990-லேயே ஐ.நா. வீரர்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஜடோவில் என்ற ஊரில் நடந்த கதையை நம் அயர்லாந்து நண்பன் ராத்திரி டூட்டியில் சொன்னானே. 1961-ல் காங்கோவில் ஐ.நா. பணியில் இருந்த அயர்லாந்து வீரர்கள் 150-க்கும் மேற்பட்டவர்கள், தங்களைச் சூழ்ந்துகொண்ட பெரும் கூட்டத்தோடு நாள் கணக்கில் சண்டை போட்டு, குண்டும் தண்ணீரும் தீர்ந்த பிறகு சரணடைந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. ஊருக்கு வந்தால் பாராட்டு இல்லை, சரணடைந்தவர்கள் என்ற முணுமுணுப்புதான். பிழைத்து வந்தவர்களும் குடும்பத்தாரும் விடாமல் கேட்டுக் கேட்டு, 2016-ல்தான் படைப்பிரிவுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது, மறு வருடம் பதக்கம். அதற்குள் அவர்கள் கமாண்டர் குவின்லன் காலமாகிப் பத்தொன்பது வருடம். தாத்தாவுக்கு அவ்வளவு நாள் தாங்காது.

இளைஞர்களும் வருகிறார்கள், ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு ஐ.நா. பணியில் இருந்தவர்கள். சாலையோரக் குண்டுகளுக்கு நடுவே ரோந்து போனவர்கள். நம்மைப்போல் வாலிபால் கதை எதுவும் சொல்வதில்லை. ஒரு பையன் இரண்டு கூட்டமாக வந்து கதவுப் பக்கம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறான். நான் ஒன்றும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டை மட்டும் அவன் பக்கம் தள்ளிவிடுகிறேன், கையெழுத்துப் போடுகிறான். 1995-ல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் படுகொலை நடந்தபோது ஐ.நா. காவலுக்கு இருந்த டச்சு வீரர்களிடம் அவர்கள் பிரதமர் மன்னிப்புக் கேட்டதே 2022-ல்தான். இவனுக்கு யார், எப்போது?

இன்னொன்றும் என்னை அவசரப்படுத்துகிறது. தெற்கு லெபனானில் நாம் இருந்த பணியை 2026 டிசம்பர் 31-ஓடு நிறுத்துவதென்று பாதுகாப்புச் சபை முடிவெடுத்துவிட்டது. அப்புறம் ஒரு வருடத்துக்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும். 1978-ல் 'இடைக்கால' ஏற்பாடு என்று ஆரம்பித்தது! முக்கியமான ஆவணங்கள் ஐ.நா. காப்பகத்துக்குப் போகும், சரி. ஆனால் ஒரு பவுசர் கவிழ்ந்த அன்றைக்கு எழுதிய வயர்லெஸ் குறிப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அன்றைக்கு வயர்லெஸ்ஸில் நீதான் இருந்தாய். ஆம்புலன்ஸ் கேட்டு வந்த அழைப்பை எடுத்தது நீ. தினமும் டைரி எழுதுவாய் என்று எல்லோரும் உன்னை ஓட்டுவோம், இப்போது அந்த டைரிதான் வேண்டும். மழைக்காலம், பட்டாலியன் மாறுவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை என்று தாத்தா சொல்கிறார். எனக்குத் திங்கள் என்று ஞாபகம். டைரி சொல்வதே சரி.

கிடைத்தால், நேரில் பார்த்ததையும் காதில் கேட்டதையும் தனித்தனியாகப் பிரித்து ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிவிடு. பார்க்காத எதையும் சேர்க்காதே, ஒரு வரி பொய் பட்டால் மொத்த மனுவும் போய்விடும். உன் சர்வீஸ் நம்பரை மேலேயே போடு. டைரிப் பக்கத்தைப் போட்டோ எடுக்கும்போது முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து எடு, மேலே இருக்கிற தேதி வெட்டுப்படாமல் பார்த்துக்கொள். அப்பீலுக்கு அடுத்த மாதம் பதினைந்து கடைசித் தேதி.

டயர் மேல் கால் வைத்துச் சிரிக்கிறவன் யார் என்று தெரிந்தால் அதையும் எழுது. அவனும் ஒரு சாட்சி.

அன்புடன்,
ராசு